இரண்டு செருப்பும் ஒரு ஷூவும்

என் தங்கைக்கு வீட்டில் பம்பரம் என்று பெயர். நான் எட்டாவதோடு நின்ற தையல்காரன்; அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டேன். அவள் எதையும் முதலில் ஊகித்துவிட்டுத்தான் சரிபார்ப்பாள். கேட்டால், டயோடு கணக்கே அப்படித்தான் என்பாள்.

பேட்டரி சார்ஜர் கம்பெனியில் பகலில் அட்டைப்பெட்டி ஒட்டி, மாலையில் டிப்ளமோ முடித்தவள். டெக்னீஷியன் வேலைக்கான தேர்வில் தவறினால் இன்னும் இரண்டு வருஷம் பெட்டிதான். தேர்வன்று அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போனாள். அதைக் கொண்டுபோன என்னை, தேர்வு நடத்திய சூப்பர்வைசர் கதவோரம் உட்காரச் சொன்னார்.

பன்னிரண்டு, ஆறு, ஐந்து வோல்ட் என மூன்று பேட்டரிகள். பன்னிரண்டின் வழியில் மட்டும் மூன்று ஓம் தடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு. மூன்றும் ஒரே முனையில் கூடி இரண்டு ஓம் சுமைக்குப் போகின்றன. சுமையில் எத்தனை ஆம்பியர்? இதுதான் கேள்வி. காகிதத்து டயோடு பரம ஒழுக்கம்: மின்சாரம் நேரே வந்தால் வெறும் கம்பி, எதிரே வந்தால் அறுந்த கம்பி.

சூப்பர்வைசர் கையிலிருந்த விடைத்தாளில் இரண்டு புள்ளி நான்கு. இவளும் அதையே எழுதி, மையால் அடித்துவிட்டு மூன்று என்று எழுதியிருந்தாள்.

"முதல்ல சரியா எழுதிட்டு எதுக்கும்மா அடிச்சே?" என்றார் அவர்.

இவள் கூசாமல், "சார், உங்க ஒரு ஷூவைக் கழட்டித் தாங்க" என்றாள்.

என்ன நினைத்தாரோ, கழற்றிக் கொடுத்துவிட்டார். அவர் ஷூவைப் பன்னிரண்டு என்று நிமிர்த்தி வைத்தாள். தன் செருப்புகளை ஆறு, ஐந்து என்று கவிழ்த்து வைத்தாள். நிமிர்ந்தால் ஓடும், கவிழ்ந்தால் ஓடாது. பன்னிரண்டு என்ற பெரியவர் மட்டும் ஓடுகிறார் என்பது முதல் ஊகம். அப்படியானால் பன்னிரண்டை, மூன்றும் இரண்டும் சேர்ந்த ஐந்து ஓமால் வகுக்க இரண்டு புள்ளி நான்கு ஆம்பியர். முனையில் நான்கு புள்ளி எட்டு வோல்ட்தான் இருக்கும்.

"நாலு புள்ளி எட்டைப் பாத்துட்டு ஆறு சும்மா படுத்திருக்குமா சார்?"

ஆறாம் செருப்பை நிமிர்த்தினாள். முனை ஆறு வோல்ட் ஆனது. இரண்டு ஓம் சுமையில் மூன்று ஆம்பியர்: ஷூவிலிருந்து இரண்டு, மீதி ஒன்று செருப்பிலிருந்து. ஐந்து, ஆறை எதிர்த்து ஏற முடியாது, கவிழ்ந்தே கிடந்தது. இந்த ஊகத்தை எதுவும் மறுக்கவில்லை.

சூப்பர்வைசர் ஒற்றை ஷூவோடு டக், டக் என்று போய் மூன்று பேட்டரிகளையும் நிஜ டயோடுகளையும் தூக்கி வந்து மேஜையில் மாட்டினார். மீட்டர் முள் இரண்டு புள்ளி நான்கைத் தாண்டிப் போய், இரண்டேமுக்காலுக்குச் சற்று முன்னால் நின்றது.

"மூணு வரலியே?"

"கடை டயோடு கொஞ்சம் வோல்ட்டைக் கமிஷனா எடுத்துக்கும் சார். காகிதத்து டயோடு எடுக்காது."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். விடைத்தாளில் தன் எண்ணை அடித்து மூன்று என்று திருத்திக் கையெழுத்திட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடையாள அட்டையை அவரிடமே நீட்டிவிட்டேன்.

"திங்கக்கிழமை டெஸ்டிங் பிரிவுக்கு வந்துடு. இப்ப ஷூவைக் குடும்மா, மேனேஜர் வர்றார்."