போனவனின் பென்ஷன்

நான் செத்துப்போன விஷயம் எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. அதுவும் எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில், ஒரு மாடி அலுவலகத்தில், சொட்டும் குடையோடு வரிசையில் நின்று தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்காகக் கப்பலேறிச் சென்னைக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து, பென்ஷன் வாங்குகிற கிழடுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று வீடு வீடாகப் பார்த்துவர ஒரு புது ஆபீசரை அனுப்பியிருக்கிறார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கிய சூடு ஆறவில்லை. தமிழ்ப் பிள்ளை. இந்தி பத்து வார்த்தை தெரியும். அன்று வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்ததால் டெய்ரி ஃபார்ம் பகுதியில் என் வீடு பூட்டிக் கிடக்கவே, பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளிடம் கேட்டிருக்கிறார். அவள் மீன் செதில் உரசிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாளாம்: "அங்கிளா? வோ தோ சலே கயே."

இந்தத் தீவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், 'சலே கயே' என்றால் கப்பலேறிவிட்டார் என்று. இங்கே யார் போனாலும் மெயின்லேண்டுக்குத்தான் போவார்கள். எங்கே போனார் என்று எவனும் கேட்கமாட்டான், எப்போது வருவார் என்றுதான் கேட்பான். நம் ஆபீசரோ அதை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்திருக்கிறார். போய்விட்டார். எண்பது வயதுக் கிழவன் போய்விட்டான் என்றால் தமிழனுக்கு வேறென்ன தோன்றும்? முகத்தைத் தொங்கப்போட்டு, கைகூப்பிவிட்டுப் போனாராம். எவ்வளவு மரியாதையான பையன் என்று இவள் மெச்சிக்கொண்டாளாம். கர்மம்!

ஊர் திரும்பிப் பார்த்தால் பென்ஷன் வரவில்லை. அதில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. பேத்தி பள்ளிக்கூடம் போவதும் அதில்தான். மகன் ஹேடோ துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் வெறுங்கை. நான் முப்பத்தாறு வருஷம் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய அதே ஜெட்டிதான். எனக்கு நிரந்தர வேலை கொடுத்தார்கள். அவனுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கெஞ்சிப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தில் அதே ஆபீசர்தான் கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவருக்கு நீங்க என்ன வேணும் சார்?"

"நான்தான் தம்பி அவரு."

"ரெக்கார்டுல எக்ஸ்பயர்ட்னு இருக்கே."

"எக்ஸ்பயர் ஆக நான் என்ன இருமல் மருந்தா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விசாரித்து விசாரித்து அந்த 'சலே கயே' வெளியே வந்தபோது அவர் காதெல்லாம் சிவந்துபோயிற்று. அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

"தப்பு நடந்துபோச்சு சார். ஆனா நீங்களும் புரிஞ்சுக்கணும். நாட்டுல வயசானவங்க கூடிக்கிட்டே போறாங்க, வேலை பாக்கறவங்க குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. எல்லாரும் எண்பது, தொண்ணூறுன்னு இருந்தா அரசாங்கம் எப்படி சார் தாங்கும்?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய் பொருளாதாரம் பேசியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆமா தம்பி, பாவம் அரசாங்கம். கண்ணைத் திறக்கப் போன இடத்துல அப்படியே கண்ணை மூடியிருக்கலாம். எவ்வளவு மிச்சம்! என் மரமண்டைக்கு அது தோணல பாருங்க."

"உங்களுக்கென்ன சார், பழைய பென்ஷன். எங்க சம்பளத்துல பிடிச்சு ஷேர் மார்க்கெட்டுல போடறாங்க. கடைசில என்ன வருமோ, யாருக்குத் தெரியும்?"

சோறு போடுகிற வீட்டில் கூடுதலாக உட்கார்ந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, இந்தத் தீவு தின்கிற அரிசியையும் கட்டுகிற சிமெண்டையும் கப்பலிலிருந்து இறக்கியவன் நான். என்னமோ கோயில் வாசலில் சுண்டலுக்குக் கை நீட்டியவன் மாதிரி! இவர் படித்த படிப்பில் கிழவன் என்றால் செலவு, அவ்வளவுதான். அவன் ஒருகாலத்தில் உழைத்தான் என்பதற்கு அந்தக் கம்ப்யூட்டரில் கட்டமே இல்லை போலிருக்கிறது.

உயிருள்ளவன் எதிரே நின்றால் போதாதாம், சாட்சி வேண்டுமாம். மறுநாள் அந்த வங்காளி அம்மாளையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். என்னைக் கொன்றவளே வந்து எழுப்பட்டும். மேஜை முன்னால் நின்று, என் தோளில் தட்டி, உரக்கச் சொன்னாள்: "தேகோ பேட்டா, ஆ கயே!"

"வந்துட்டாராம் தம்பி. இதையாவது சரியா எழுதிக்குங்க," என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் சேர்த்து வந்துவிடும் என்றார்.

அன்று சாப்பாட்டின்போது முழுவதையும் நடித்துக் காட்டினேன். ஆபீசரின் தொங்கிய முகம், சிவந்த காது, எல்லாம். மருமகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மகன் மட்டும் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னடா, உங்கப்பன் செத்துப் பொழச்சு வந்திருக்கேன், சிரிப்பு வரலையா?"

"அந்த ஆளு வீடு தேடி வந்தாருல்ல, அதை நெனச்சேன்," என்றான். "நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேக்க ஒரு ஆளு வருது. எனக்கு உங்க வயசாகும்போது எவன்பா வந்து கேப்பான்?"

ஊரில் உள்ளவனையெல்லாம் வாய்க்கு வந்தபடி கேட்கிறவன் நான், தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தேன். அவன் என் தட்டில் ஒரு துண்டு மீனை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டான்.

"இடது கண்ணுக்கு எப்பப்பா கப்பல்? தள்ளிப் போடாதீங்க. நீங்க இருக்கணும்."