அண்ணி எழுப்பிய லேப்டாப்

அந்த லேப்டாப் எங்கள் வீட்டு பீரோவின் மேல், கல்யாண ஆல்பங்களுக்கு அடியில் கிடந்தது. அண்ணி கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தபோது அரசு கொடுத்தது. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய்த்தான் அவரை அவருடைய பெற்றோர் படிக்க வைத்திருந்தார்கள். கல்யாணமாகி நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்தார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். லேப்டாப் மேலே போய்விட்டது.

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை அதைக் கீழே இறக்கினார். பக்கத்து ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. மறுநாள் காலை, சொந்த லேப்டாப்போடு வந்து ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அதுவோ திறக்கவே கால் மணி நேரம் எடுத்தது. எதைத் தொட்டாலும் உறைந்து நின்றது. திருவாரூர் கடைக்காரர் கையிலேயே வாங்காமல், “இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கம்மா” என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் புதிது வாங்கலாம் என்றான். “வேலை கிடைக்கட்டும், நானே வாங்கிக்கிறேன்” என்றார் அண்ணி.

சென்னையில் எனக்குக் கம்ப்யூட்டர் பராமரிக்கும் வேலை. லீவுக்கு வந்திருந்த நான், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றேன். காசு கொடுக்க வேண்டாம். பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே, இயந்திரத்துக்குப் பாரமாகாத வகைகள் அதில் உண்டு. ஒன்றை இறக்கிப் பென்டிரைவில் ஏற்றினேன். ஹாஸ்டல் தோழிகளின் படங்களை மட்டும் அண்ணி தன் போனுக்கு மாற்றிக்கொண்டார். பழையதை முழுக்க அழிக்கலாமா என்று திரை கேட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “அழிங்க தம்பி” என்றார்.

முக்கால்வாசி ஏறியிருக்கும், கரண்ட் போனது. பேட்டரி செத்து வருடங்களாகிவிட்டதால் திரையும் கூடவே அணைந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது, கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி: தொடங்குவதற்கு இதில் எதுவும் இல்லை. வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்த அண்ணன், “என்னடா, ஒரேயடியா கெடுத்துட்டியா?” என்றான். அலுவலகத்தில் நூறு தடவை செய்த வேலை. பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினேன்.

அண்ணிதான் சிரித்தார். “பழசுதான் போயிடுச்சே, இனிமே போறதுக்கு என்ன இருக்கு? நீங்க எந்திரிங்க தம்பி. இந்தத் தடவை நான் போடுறேன்.”

நான் எழுந்தேன். அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு திரையையும் நிறுத்தி வாசித்தார். புரியாத இடத்தில் மட்டும் என்னைக் கேட்டார். போகப் போக அதுவும் குறைந்தது. பல வருடம் பேசாதிருந்த ஒரு பாஷை அவர் நாக்குக்குத் திரும்பி வருவதைப் பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி இருந்தது. மழை விடவில்லை, ஆனால் கரண்ட் மறுபடி போகவில்லை. சாயங்காலம் லேப்டாப் ஒரு நிமிடத்துக்குள் விழித்துக்கொண்டது. அண்ணி தன் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்துவிட்டு, காப்பி போடப் போனார்.

மறுநாள் நான் சென்னை பஸ்ஸில் இருந்தபோது அண்ணியிடமிருந்து போன் வந்தது. வகுப்பு முடிந்ததும், திரை வேறு மாதிரி இருக்கிறதே என்று தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். அண்ணி நடந்ததைச் சொன்னாராம். உடனே தலைமையாசிரியர் ஒரு அறையைத் திறந்து, தூசி படிந்த எட்டுக் கம்ப்யூட்டர்களைக் காட்டி, “இதுங்களையும் எழுப்ப முடியுமா?” என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?”

“ரெண்டு சரியா வராது, ஆறு வந்துடும்னு சொன்னேன். வேலைக்கு நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க.”

ஆறும் வந்துவிட்டன. முதல் சம்பளத்தில் அண்ணி புது லேப்டாப் வாங்கவில்லை. பழையதற்கு ஒரு பேட்டரி வாங்கினார்.

போன பொங்கலுக்கு நன்னிலத்தில் இறங்கி ஆட்டோ ஏறினேன். ஓட்டுநர் புதியவர். அப்பா பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. அண்ணன் பெயரைச் சொன்னேன், யோசித்தார். தெருவைச் சொன்னதும் முகம் மலர்ந்து திரும்பினார்.

“கம்ப்யூட்டர் டீச்சர் வீடா? அப்படிச் சொல்லுங்க சார். எம்பொண்ணு அவங்ககிட்டதான் படிக்குது.”

ஆமாம், அந்த வீடுதான் என்றேன்.