கூப்பிடாத எட்டாவது ஆள்

பல்துலக்கியை வாயில் வைத்தபடியே, இடது கையால் கைபேசியில் போட்டிக் கம்பெனியின் பக்கத்தைத் தள்ளிக்கொண்டு வருவார் அத்தான். "நேத்து ஒரே நாள்ல பன்னண்டு மாத்தம் பண்ணியிருக்கானுங்க மாப்ள. தூங்குறானுங்களா இல்லையா?" என்று நுரையோடு கேட்பார். பதில் எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல. வாய் கொப்பளித்துவிட்டு வந்து, தான் வேலை பார்க்கும் கம்பெனியின் பக்கத்தைத் திறப்பார். "நம்மளது மூணு" என்பார், தேர்வு முடிவு சொல்கிற குரலில். அதற்குப் பிறகுதான் முகம் கழுவுவார்.

அத்தான் என் அக்காவின் கணவர். அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் குடியிருப்பதால் இந்தக் காட்சி எனக்குத் தினமும் இலவசம். அவருடைய கம்பெனி பள்ளிக்கூடங்களுக்குக் கால அட்டவணை போட்டுத் தரும் மென்பொருளைச் செய்கிறது. எந்த ஆசிரியர், எந்த வகுப்பு, எத்தனையாவது மணி என்று அதுவே பிரித்துக் கொடுத்துவிடும். அது திறந்த மூல மென்பொருள். எழுதிய நிரல் முழுவதும் இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கும். யாரும் படிக்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் அனுப்பலாம். ஒவ்வொரு வரியிலும் அதை எழுதியவரின் பெயர் ஒட்டியிருக்கும்.

வந்து விழும் திருத்தங்களைச் சோதித்து, ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் அத்தானின் வேலை. அலுவலகத்தில் அவருக்குச் 'சல்லடை' என்று பெயர். பெருமையோடுதான் சொல்லிக்கொள்வார். அவர் கைக்குப் போன நிரல் மூன்று வாரம் கழித்து, ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கேள்வியோடு திரும்பி வரும். ஒரு பெண்ணின் திருத்தத்தைப் பதினேழு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். "பதினெட்டாவது தடவை எவ்வளவு அழகா வந்துச்சு தெரியுமா?" என்பார். அந்தப் பெண் பத்தொன்பதாவது தடவைக்குக் காத்திருக்கவில்லை.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால், ஏழு பேர் ஒரே நாளில் வேலையை விட்டார்கள். அன்று மதியம் எட்டுப் பேராக ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு கேக் வந்தது. "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டவர் அத்தான் ஒருவர்தான். பதிலுக்கு ஒரு துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்தார்கள், அதையும் சாப்பிட்டுவிட்டு வந்தார். மூன்று மணிக்கு முதலாளியின் அறைக்கு வெளியே ஏழு பேரும் வரிசையாக நின்றபோதுதான் விஷயம் புரிந்தது.

அவர்கள் நிரலை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு போய், அதற்கு வேறு பெயர் வைத்துப் போட்டிக் கம்பெனி தொடங்கிவிட்டார்கள். சட்டப்படி ஒரு தப்பும் கிடையாது. அத்தானுக்கு அதுதான் ஆற்றாமை. திருட்டு என்று வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லை. "சமையல் குறிப்பை நீங்களே வாசல்ல ஒட்டிவச்சிட்டு, எதிர்வீட்டுல வாசனை வருதுன்னு அழுதா எப்படிங்க?" என்றாள் அக்கா. அவள் பல் மருத்துவர். முன்னறைதான் அவள் கிளினிக்.

"கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன் மாப்ள." இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்கிறார். யாரும் கேட்காமலேயே சொல்கிறார்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து மழுப்ப நான் விரும்பவில்லை. பிடித்த மென்பொருளுக்கு ஆட்கள் நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் அந்த உலகில் உண்டு. அங்கே எத்தனை, இங்கே எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர்கள் வெளியிட்ட குழுப் படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கி, ஆட்களை விட்டுவிட்டு நாற்காலிகளைப் பார்ப்பார். "முதுகுக்கு வலை வச்ச நாற்காலி. எனக்கு இடுப்பு வலின்னு ரெண்டு வருஷமா எழுதிக் குடுக்கறேன்." பதினேழு தடவை திருத்திய அந்தப் பெண் ஒரு காணொளியில், "இங்க எங்க வேலையை யாரும் ஊறப்போடறதில்லை" என்று சிரித்தாள். அந்த இடத்தை மட்டும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். நான்காவது முறை அவரும் கூடவே சிரித்துப் பார்த்தார், சரியாக வரவில்லை.

"வலிக்கிற பல்லுக்கே ஏன் நாக்கைக் கொண்டுபோறீங்க?" என்பாள் அக்கா. எனக்கு அவள் போலக் கண்டிக்க வாய் வராது. பத்திரிகையில் என் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் எழுதுகிறவனுக்கு வரும் வாசகர் கடிதங்களை நானும் எண்ணியிருக்கிறேன்.

ஏழு பேரில் ஆறு பேரை அவர் மன்னித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். மீதி ஒருவர் பதினோரு வருடம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'பக்கத்து நாற்காலி'தான். இருவரும் ஒரே சார்ஜரைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். அந்த நண்பரின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரிக் காவலுக்குப் போனது அத்தான். "அவனாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'வர்றியா'ன்னு. நான் மாட்டேன்னு சொல்றதுக்காவது கேட்டிருக்கலாம்." இந்த ஒன்றுதான் பதினான்கு மாதமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, "மாட்டுனாங்க!" என்று கத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவந்தார். அட்டவணை சீக்கிரம் தயாராக அங்கே புதிதாக ஒரு பகுதி எழுதியிருந்தார்கள். அதில் ஓர் ஓட்டை. இரண்டு பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரே ஆசிரியர் இருந்தால், ஒரே மணியில் அவரை இரண்டு இடத்திலும் போட்டுவிடும். பள்ளிகள் திறக்க இரண்டு வாரம் இருந்தது. திறந்த அன்று நூற்றுக்கணக்கான தலைமையாசிரியர்கள் தொலைபேசியை எடுப்பார்கள். அவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது.

மூன்று நாள் இருந்தார். அந்த மூன்று நாளும் வீட்டுக்கு வேறு மனிதர் வந்து தங்கியது போல இருந்தது. குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைச் சரிசெய்தார். அக்காவின் நோயாளிகளுக்குக் கதவு திறந்துவிட்டார்.

நான்காம் நாள் முகம் மாறிவிட்டது. "இவ்வளவு பெரிய ஓட்டை, ஒருத்தன் கண்ணுலயும் படலையே மாப்ள. பாக்கப் பாக்கக் கை அரிக்குது. மேலயும் கீழயும் நான் எழுதின வரி, நடுவுல இந்த அசிங்கம். நாளைக்கு ஊர் யாரைத் திட்டும்?" அன்று வீட்டிலிருந்தே வேலை. மதியம் சாப்பிட்டு எழுந்தவர், முப்பத்தொரு வரியில் ஒரு திருத்தம் எழுதினார். 'வழிப்போக்கர்' என்ற பெயரில் புதிதாக ஒரு கணக்குத் திறந்து, அவர்களுக்கே அனுப்பிவிட்டார்.

நாற்பது நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். கீழே அந்தப் பெண், "வழிப்போக்கரே, யார் பெத்த பிள்ளையோ, எங்களைக் காப்பாத்திட்டீங்க" என்று எழுதியிருந்தாள்.

அத்தான் என்னை மாடியிலிருந்து இறக்கி அதைக் காட்டினார். முகத்தில் மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. "நாப்பது நிமிஷம்! ஒரு கேள்வி கேக்கலை. எவன் எவள்னு தெரியாத ஒருத்தனுக்கு இந்த மரியாதை. பதினோரு வருஷத்துல எனக்கு ஒருத்தர் இப்படி எழுதினதில்லை." தானே இட்டுக்கட்டிய ஆளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"உள்ள போய்ப் பாரு, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு" என்று திருத்தத்தைத் திறந்து காட்டினார். எனக்கு நிரல் படிக்கத் தெரியாது. பிழை திருத்திப் பழகிய கண் சும்மா மேயும், அவ்வளவுதான். மூலையில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.

"அத்தான், இது உங்க பேர்தானே?"

அவருடைய கணினி, எழுதுகிறவரின் பெயரையும் முகவரியையும் ஒவ்வொரு திருத்தத்திலும் தானாகவே குத்திவிடும். கணக்கின் பெயரை மாற்றியவர் அந்த முத்திரையை மாற்ற மறந்துவிட்டார். அவர் பெயர், பக்கத்திலேயே அலுவலக மின்னஞ்சல் முகவரி. ஊரார் நிரலையெல்லாம் சலித்தவர் தன் பெயரையே கோட்டை விட்டுவிட்டார்.

"வேலை போச்சு" என்றார். "எதிரிக்கு ஓட்டை அடைச்சவன்னு முதலாளி என்னை இன்னிக்கே வெளியே தள்ளிடுவாரு." சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். குரல் கேட்டு அக்கா கையுறையோடு ஓடிவந்தாள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கைபேசி அடித்தது. பக்கத்து நாற்காலி. பதற்றத்தில் அவர் எதை அழுத்தினாரோ, பேச்சு அறை முழுக்கக் கேட்டது.

"டேய், நான்தான். ஆபீஸ் முகவரியோட அனுப்பியிருக்கியே, உனக்கு என்ன ஆச்சு?"

அத்தான் மறுபடி எழுந்தார்.

"பயப்படாதே. வேற யாரும் கவனிக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். அந்த முப்பத்தோரு வரியையும் என் பேர்ல திரும்பப் போட்டாச்சு. உங்க முதலாளி தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க முடியாது."

அக்கா மூச்சு விட்டாள்.

"உன் பேர்லயா?" என்றார் அத்தான்.

"பின்னே? உன் வேலை போகாம இருக்க வேற வழி இல்லையேடா. பாத்தவுடனே தெரிஞ்சுது, இது உன் கைதான்னு. ரொம்ப நல்லா இருந்துச்சு. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

பிறகும் அத்தான் காத்திருந்தார். எதற்கென்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து, இணைப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டார்.

"சரிடா, மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க. வைக்கட்டுமா?"

"வை."

"நல்ல மனுஷன்ங்க. வேலையைக் காப்பாத்திட்டாரு" என்றாள் அக்கா. "நல்லவன்தான்" என்றார் அத்தான், மருந்தை விழுங்குகிறவர் போல. அக்கா நோயாளியிடம் போய்விட்டாள். அவர் பக்கத்தைப் புதுப்பித்தார். முப்பத்தொரு வரிக்கும் பக்கத்தில் பக்கத்து நாற்காலியின் பெயர் வரிசையாக இறங்கியிருந்தது. கீழே யார் யாரோ வந்து, "அபாரம்", "சும்மா சொல்லக்கூடாது, நீங்க பெரிய ஆள்" என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். அத்தான் எல்லாவற்றையும் படித்தார். பிறகு சட்டை நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றி, வாயில் வைத்து ஈரமாக்கிக்கொண்டு, திரையில் அந்தப் பெயர் இருந்த இடத்தை மட்டும் அழுத்தித் துடைத்தார்.