காற்றைத் திணிக்கும் தொழில்

ஓடாத வண்டியை ஓட வைப்பவனைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். நன்றாக ஓடும் வண்டியைப் பிரித்து இன்னும் வேகமாக ஓட வைக்கிறேன் என்று கிளம்புகிறவனை என்ன செய்வார்கள் என்பதற்கு நானே சாட்சி.

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம், அட்டைப்பெட்டி கம்பெனிக்கு அடுத்த ஷெட் என்னுடையது. உடன் வேலை செய்பவர் டில்லி அண்ணன். சேக்காட்டுக்காரர். பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்து இன்ஜினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். வீடியோ பார்த்துவிட்டு வந்து உங்களுக்கே உங்கள் வேலையைக் கற்றுக்கொடுக்கும் வாடிக்கையாளரிடம் மாட்டியவரா நீங்கள்? தையல்காரரோ, பல் டாக்டரோ, யாராயிருந்தாலும் பக்கத்தில் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேகம் போதவில்லையாம்

செந்தில்குமரன் கொரட்டூரில் ஃபிளாட் வாங்கி குடியிருக்கும் ஐ.டி. ஆசாமி. சொந்த ஊர் கோவில்பட்டி. சேமிப்பையெல்லாம் கொட்டி, செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். இரண்டே சீட்டு. டிக்கியில் ஒரு அரிசி மூட்டை வைத்தால் மூடாது. அதற்கு சூப்பர்சார்ஜர் மாட்ட வேண்டும் என்று வந்தார். இன்ஜின் தானாக மூச்சு இழுக்கிற வரைக்கும் காத்திருக்காமல், பெல்ட்டில் சுற்றும் ஒரு பம்ப்பை வைத்து அதன் வாயில் காற்றைத் திணிப்பதுதான் சூப்பர்சார்ஜர். காற்று அதிகமானால் பெட்ரோல் அதிகம், வேகம் அதிகம். சூடும் அதிகம். இந்தக் கடைசி விஷயம் மட்டும் எந்த வீடியோவிலும் வராது.

"இப்ப பிக்கப் பத்தல ப்ரோ" என்றார். தினமும் எந்த வழியாகப் போகிறீர்கள் என்று கேட்டேன். கொரட்டூரிலிருந்து எஸ்டேட் வரைக்குமாம். மாடு, ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, தோண்டிப் போட்ட பள்ளம் எல்லாம் உள்ள ராஜபாட்டை அது. டில்லி அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிக்னல்ல நிக்கிறதுக்கு இன்னாத்துக்கு நைனா இவ்ளோ பிக்கப்பு?"

ஒரே ஒரு நிபந்தனை

மறுநாள் மனைவி கவிதாவையும் அழைத்து வந்தார். அழைத்து வந்தார் என்பது அவர் சொன்னது. பார்த்தால் அந்தம்மாதான் அவரை இழுத்து வந்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். நான் எழுதி வைத்திருந்த வேலைப் பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். இன்ஜினுக்கு ஏதாவது ஆனால் இந்த வண்டியை விற்றுவிட்டு ஏழு சீட்டு வண்டி வாங்குவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. செந்தில்குமரன் முகம், தண்டனைத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு வந்தவர் முகம் போலவே இருந்தது.

எனக்கும் பயம்தான், ஒளிக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகக் கூடுதலாகக் காற்றை ஏற்றி, ஒரு இன்ஜினின் பிஸ்டனில் ஓட்டை போட்டவன் நான். அந்த மனிதர் என்னைத் திட்டவேயில்லை. சும்மா வண்டியைத் தடவிக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த நினைப்பில், "இன்ஜின் போகாதும்மா, நான் பொறுப்பு" என்று வாயை விட்டுவிட்டேன்.

"சரிண்ணா. அது போச்சுன்னா இவரைக் கேட்க மாட்டேன், உங்களைத்தான் கேட்பேன்."

குதிரையும் ஹெல்த் செக்கப்பும்

பொறுப்பு என்று சொன்ன பிறகு புத்தி தானாக வரும். முதலில் இன்ஜினுக்குப் பலம் இருக்கிறதா என்று ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தேன். கூலன்ட் குழாய் வெடிப்பு விட்டிருந்தது, மாற்றினேன். ஸ்பார்க் பிளக் மாற்றினேன். அதிக பெட்ரோலுக்கு ஏற்ற பம்ப்பும் இன்ஜெக்டரும் போட்டேன். திணிக்கிற காற்று சூடாகிவிடும் என்பதால், அதைக் குளிர்விக்க ஒரு இன்டர்கூலரை முன் கிரில்லுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். பத்து நாள் ஆகியும் வண்டியில் சூப்பர்சார்ஜர் ஏறவில்லை. தினமும் சாயந்திரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன செந்தில்குமரன், பதினோராவது நாள் பொறுமை இழந்தார்.

"ப்ரோ, நான் குதிரை கேட்டேன். நீங்க மாஸ்டர் ஹெல்த் செக்கப் பண்ணிட்டு இருக்கீங்க."

பிரியாணிப் பொட்டலத்தோடு வந்த புல்லி

சூப்பர்சார்ஜரைச் சுற்றும் சக்கரத்துக்குப் புல்லி என்று பெயர். அது சின்னதாக இருந்தால் பம்ப் வேகமாகச் சுற்றும், காற்று அதிகமாகப் போகும். ஒருவழியாக சூப்பர்சார்ஜரை ஏற்றியபோது, இன்ஜின் தாங்க வேண்டும் என்று பெரிய புல்லியைத்தான் போட்டிருந்தேன். இதை எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்ட நம்மாள், ஆன்லைனில் ஒரு சின்னப் புல்லியை வரவழைத்துவிட்டார். நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, மட்டன் பிரியாணியோடு அதையும் டில்லி அண்ணன் கையில் கொடுத்து, "அவருக்குத் தெரியாம மாட்டிடுங்கண்ணே" என்றிருக்கிறார். படித்தவர்கள் லஞ்சம் கொடுக்கும்போதுகூட எலும்பில்லாத பீஸாகப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

நான் திரும்பி வரும்போது டில்லி அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார். செந்தில்குமரன் புல்லியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போனார்.

"பிரியாணி நல்லா கீது நைனா, துன்ட்டேன். புல்லிய மட்டும் நீ எட்த்துகினு போய்டு."

பயந்தாங்கொள்ளி செட்டிங்

எல்லாம் முடிந்ததும் வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். உள்ளே போகிற காற்று ஒரு அளவுக்கு மேல் சூடானால் வண்டி தானாகச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் எவ்வளவு மிதித்தாலும் கேட்காது. வெளிவட்டச் சாலையில் ஓட்டிக் காட்டினேன். சீறிக்கொண்டு போனது. இறங்கியதும் செந்தில்குமரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொன்னதும் கண்ணீர் காய்ந்துவிட்டது.

"ஸ்போர்ட்ஸ் கார்ல எதுக்கு ப்ரோ எல்.கே.ஜி. மிஸ் மாதிரி ஒரு செட்டிங்?"

நசரத்பேட்டையைத் தாண்டி

பெரிய வேலை முடித்த வண்டியை வெறுமனே அனுப்புவது எங்கள் ஷெட்டில் வழக்கமில்லை. பூசணிக்காய் சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டுத்தான் வெளியே விடுவோம். வெள்ளிக்கிழமை காலை அதையெல்லாம் முறைப்படி செய்து, கணவன் மனைவி இருவரையும் காஞ்சிபுரம் கோயிலுக்கு அனுப்பி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. நசரத்பேட்டையைத் தாண்டி நெடுஞ்சாலையில் வண்டி இழுக்கவில்லையாம். மிதித்தாலும் நாற்பதைத் தாண்டவில்லையாம். ஷேர் ஆட்டோ ஒன்று முந்திக்கொண்டு போனதாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

எனக்கு அந்தப் பழைய பிஸ்டன்தான் கண்ணுக்கு வந்தது. டில்லி அண்ணன் பைக்கை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அங்கே செந்தில்குமரன் ரோட்டோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கவிதா வண்டியில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தார். டில்லி அண்ணன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். தட்டல் இல்லை, புகை இல்லை. லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். உள்ளே போகிற காற்று கொதித்திருக்கிறது. கட்டுப்பாடு விழுந்து வண்டி தானாக அடங்கியிருக்கிறது. இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை.

காற்று ஏன் கொதித்தது? வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். கிரில் தெரியவில்லை. அடர்த்தியாகக் கட்டிய சாமந்தி மாலை ஒன்று, தொடை பருமனில், இன்டர்கூலருக்குப் போகும் வழி முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் இருக்கக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கப்பட்டிருந்தது. பத்து நாள் உட்கார்ந்து நான் செய்த வழி அது. மாலையை அறுத்துப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கியது, வண்டி பழையபடி சீறியது. செந்தில்குமரன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கவிதா மட்டும் கீழே கிடந்த மாலையைப் பார்த்தார், கம்பி முறுக்கைப் பார்த்தார், டில்லி அண்ணன் பக்கம் திரும்பி, இது யார் கட்டினது என்று நிதானமாகக் கேட்டார். சொல்ல வேண்டாம் என்று நான் அவருக்குக் கண்ணைக் காட்டினேன். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஓனருதாம்மா. சின்ன மாலை வாங்கியாந்தேன், அசிங்கமா கீதுன்னு திருப்பி அனுப்சி, டபுள் சைஸ் வாங்கியாரச் சொல்லி, அவரே கம்பி போட்டு முறுக்குனாரு."

செந்தில்குமரன் எதையாவது செய்துவிடுவாரோ என்று பயந்து நான் வைத்த கட்டுப்பாடு, கடைசியில் அந்த இன்ஜினை என்னிடமிருந்துதான் காப்பாற்றியது.