ஆறு அசையில் ஒரு பொய்

போன மாதம் என் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் ஓமந்தைப் பக்கம் குடிநீர்த் திட்டம் ஒன்றைப் பார்க்கும் இளம் அலுவலர்.

"சேர், உதவி தாற வெளிநாட்டு ஆக்கள் வருகினம். எங்கட மாதர் சங்கத் தலைவி ஒரு வசனம் இங்கிலிஷில சொல்லவேணும். நீங்கள்தான் உச்சரிப்புப் பழக்கவேணும்."

ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் சொல்லியே வாராவாரம் இந்தப் பத்தியில் உங்கள் பொறுமையைச் சோதிப்பவன் நான். என்னைக் கேட்டால் விடுவேனா?

வசனம் இதுதான்: இந்தத் திட்டம் எங்களுக்கு 'சஸ்டெய்னபிலிட்டி' தந்தது. 'நிலைபேறு' என்று தமிழில் சொன்னால் அடுத்த கட்டத் திட்டம் வராதாம். அலுவலரின் வேலை ஒப்பந்தமும் அந்த அடுத்த கட்டத்தில்தான் தொங்குகிறது.

தலைவியின் பெயர் மலர். வயல் செய்பவர். கணவருக்குச் சிறுநீரக வருத்தம் - அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வாயிலும் வைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் திட்டக்காரர் ஒரு சுத்திகரிப்புத் தொட்டி கட்டிக் கொடுத்தார்கள். அழகான தொட்டி. திறப்பு விழாப் படம் அவர்களுடைய ஒஃபீஸ் சுவரில் தொங்குகிறது. மோட்டர் எரிந்து எட்டு மாதம். மலர் பக்கத்து ஊருக்குப் போய்ச் சைக்கிளில் தண்ணீர் கட்டி வருகிறார்.

எனக்கு அதுவா முக்கியம்? எனக்கு உச்சரிப்பு முக்கியம்.

"சஸ்... டெய்... ன... பி... லி... ட்டி. ஆறு அசை பிள்ளை. ஒவ்வொண்டுக்கும் ஒருக்காக் கை தட்டுங்கோ. 'பி'யில அழுத்தவேணும்."

மூன்று நாள் தட்டினோம். இடையில் என் வழக்கமான லத்தீன் வியாதி வேறு. "இது லத்தீனில இருந்து வந்தது. கீழ இருந்து தாங்கிறது எண்டு கருத்து."

"தாங்கிற ஆளை எங்கட மோட்டரையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ மாஸ்டர்" என்றார் மலர்.

சிரித்துவிட்டு மறுபடி 'பி'யைத் திருத்தினேன்.

அந்த நாளும் வந்தது. பந்தல், மாலை, குழாய்க்குக்கூட ரிப்பன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி முன்வரிசையில். மலர் எழுந்து சொன்னார். ஒரு அசை பிசகவில்லை. பந்தல் முழுக்கக் கைதட்டல். பெண்மணி மகிழ்ச்சியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது - வெட்கங்கெட்ட நெஞ்சு.

ஆனால் மலர் உட்காரவில்லை. தமிழில் தொடர்ந்தார்.

"இதில தண்ணி வராம எட்டு மாசம் அம்மா. என்ர மனிசன் கிணத்துத் தண்ணி குடிச்சா உயிரோட இருக்கமாட்டார். நான்தான் தூரத்தில இருந்து கட்டிக்கொண்டு வாறன். எத்தினை தரம் சொல்லியும் ஒருத்தரும் வந்து பாக்கேல்லை."

அலுவலர் மொழிபெயர்த்தார்: "ஷீ இஸ் ஹேப்பி."

எனக்கு ஆங்கிலம் தெரியும். வாயும் இருக்கிறது. ஆனாலும் பேசாமல் இருந்தேன். விருந்தாளிக்கு முன்னால் ஏன் வம்பு என்று நினைத்தேனா, முன்வரிசைக் கதிரையின் மயக்கமா... இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பு.

மலர் அந்த 'ஷீ இஸ் ஹேப்பி'க்கு மெதுவாகக் கை தட்டிப் பார்த்தார். நாலு.

"தம்பி, நான் இவ்வளவு கதைச்சன். நீங்கள் நாலு தட்டில முடிச்சுப்போட்டியள்."

மலர் அந்தப் பெண்மணியைக் கையைப் பிடித்துத் தொட்டியடிக்குக் கூட்டிப் போனார். ரிப்பனை இழுத்துப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டு இல்லை.

"மோட்டர்" என்றார். இரண்டு கையையும் விரித்தார்.

இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. பெண்மணி குறிப்பேட்டில் எழுதியதைக் கோடு போட்டு வெட்டினார். பிறகு அலுவலரைக் கூப்பிட்டார்.

இரண்டு கிழமையில் புது மோட்டர் வந்தது. அலுவலர் என்னைக் கண்டால் வேறு ஒழுங்கையால் போய்விடுகிறார்.

போன ஞாயிறு மலர் வீட்டில், தொட்டித் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி. பழக்கதோஷம் என்னை விடுமா?

"மோட்டரும் லத்தீன் சொல்லுத்தான் பிள்ளை. அசைக்கிறது எண்டு கருத்து. ரெண்டே அசை."

மலர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"அது எனக்கு முந்தியே தெரிஞ்ச சொல்லுத்தானே மாஸ்டர். அதைச் சொல்லு எண்டு நீங்கள் ஒருத்தரும் சொல்லேல்லையே."