வெள்ளைப் பூ வந்தது, மகள் நாக்பூர் போனாள்

ஒரு வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு அரசு வேலை ஆணைகள் வந்தால் அதைத் துன்பம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவிலும் ஒப்புக்கொள்ளவில்லை. இனிப்பு எங்கே என்றுதான் கேட்டார்கள். ஆனால் போன வருடம் மாசி மாதம் நான் என்ன நிலையில் இருந்தேன் என்பதை நம் அய்யனார் அறிவார். அந்தக் கோயிலைக் கும்பிடும் பங்காளிகள் நீங்களும் அறியவேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

என்னை உங்களில் பலருக்கு 'சூப்ரண்டு' என்று தெரியும். கடலூரில் ஒரு துறை அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். யார் எப்போது வேலையில் சேரலாம், எவ்வளவு நாள் தள்ளிப் போடலாம், எந்தக் காரணம் செல்லும், எது செல்லாது என்பதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன். கேட்பதற்குத்தான் ஆள் குறைந்துவிட்டது.

அதற்கு முந்தைய ஐப்பசியில் என் மனைவி சாந்தாவுக்குப் புதுச்சேரியில் மார்பில் அறுவை சிகிச்சை நடந்தது. எங்கள் வீட்டில் அதைக் 'கட்டி' என்று மட்டும் சொல்வோம். கட்டி போனது. ஆனால் இடது கை வீங்கிக்கொண்டது. பாத்திரம் தூக்கக்கூடாது, துணி பிழியக்கூடாது, கையில் ஒரு கீறல்கூடப் படக்கூடாது என்றார்கள். தினமும் விரலிலிருந்து மேல்நோக்கிக் கட்டுத்துணி சுற்றவேண்டும். எல்லாவற்றையும் எங்கள் ஒரே மகள் சௌமியா ஏற்றுக்கொண்டாள். சிதம்பரத்தில் புள்ளியியல் முதுகலை கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். விடியும் முன் சமைத்து, அம்மாவுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, சிதம்பரம் பஸ் பிடிப்பாள். நான் கட்டுத்துணி வாங்கிய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்தேன். மருத்துவச் செலவை எப்படித் திரும்பப் பெறுவது என்று எனக்குத் தெரியும் அல்லவா?

இந்த நிலையில்தான் ஆணைகள் வந்தன. ஒன்று மாநில அரசில் இளநிலை உதவியாளர், கடலூரிலேயே. வீட்டிலிருந்து நடந்து போகலாம். மற்றது மத்திய அரசில் புள்ளியியல் பணி, நாக்பூரில். இரண்டு தேர்வையும் படித்துக்கொண்டே எழுதியிருந்தாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். அவள் யோசித்தாள்.

"அங்க நான் படிச்சதுதான்ப்பா வேலை. இங்க தபால் பதியணும்," என்றாள்.

"நானும் தபால் பதிஞ்சிதான் உன்னைப் படிக்க வச்சேன்," என்றேன்.

சாந்தா நடுவில் மாட்டிக்கொண்டாள். அவள் 'போ' என்றாலும் தப்பு, 'இரு' என்றாலும் தப்பு.

முடிவெடுக்க அவகாசம் வேண்டும் என்று நான் என் திறமையைக் காட்டினேன். கடைசிப் பருவத் தேர்வு இருக்கிறது என்று காரணம் காட்டி, பணியில் சேர இரண்டு இடத்திலும் கால நீட்டிப்புக் கேட்டு மனு எழுதித் தந்தேன். இரண்டு மனுக்களும் அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் இரண்டு இடத்திலும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நீட்டிப்பும் வைகாசியில் ஒரே திங்கட்கிழமையில் முடிந்தன. அன்று கடலூரிலோ நாக்பூரிலோ ஓரிடத்தில் அவள் நிற்கவேண்டும். மற்ற இடம் போய்விடும். சாதாரண மனு எழுதியிருந்தால் ஏதாவது ஓரிடத்தில் மறுத்திருப்பார்கள், இந்தச் சிக்கலே வந்திருக்காது.

நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சௌமியா அம்மாவுக்குக் கட்டுச் சுற்றும்போது அழுதுகொண்டே சுற்றுவதை ஒருநாள் பார்த்தேன். சாந்தா வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளை போய்விட்டால் இந்தக் கையை யார் பார்ப்பார்கள்? எனக்கு எந்த விதியும் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் அய்யனாரிடம் பூ கேட்பது என்று முடிவு செய்தேன்.

செம்மங்குப்பம் பக்கத்திலிருக்கும் நம் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனோம். சாந்தாவின் தம்பி பாண்டுரங்கன் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து நேராக அங்கே வந்துவிட்டான். பூசாரி ஏழுமலை வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் எடுத்து, தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து, பார்த்தால் எது எதுவென்று தெரியாதபடி அய்யனார் காலடியில் வைத்தார்.

நான் கைகூப்பி உரக்கச் சொன்னேன். "அப்பனே, வெள்ளை வந்தால் கடலூர் அலுவலகத்தில் முற்பகலில் பணியேற்க உத்தரவு. சிவப்பு வந்தால் மேற்படி ஆணையைத் துறந்து..."

"மாமா, அரசாணை நம்பரும் தேதியும் போட்டுச் சொல்லுங்க. இல்லன்னா அவரு திருப்பி அனுப்பிடுவாரு," என்றான் பாண்டுரங்கன்.

"சும்மா இரு மச்சான்."

பூசாரி சிரிக்கவில்லை. "சூப்ரண்டு, நீங்க சொல்றத சொல்லிட்டீங்க. எடுக்கப்போறது புள்ள. அது மனசுல என்ன கேக்குதோ அதுக்குத்தான் அவரு பதில் சொல்லுவாரு. வெள்ளன்னா ஆவும், செவப்புன்னா ஆவாது. என்ன கேட்டன்னு வாய தொறந்து சொல்லக்கூடாது. நெறவேறினப்புறம் வந்து பொங்க வச்சிட்டு சொல்லலாம்."

நம் கோயில் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கேள்வி ஒன்றுதானே என்று இருந்துவிட்டேன். சௌமியா கண்ணை மூடி நின்றாள். வெகுநேரம் நின்றாள். குனிந்து ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாந்தா என்னைப் பார்க்காமல் அய்யனாரைப் பார்த்தாள். சௌமியா பூவை எடுத்து அம்மா தலையில் வைத்தாள்.

சாந்தாவைத் தம்பி தன் வண்டியில் வீட்டுக்கு அழைத்துப்போனான். நாங்கள் இருவரும் பெரிய சாலைக்கு வந்தோம். அவள் சிதம்பரம் போய்த் தேர்வு அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். நான் எதிர்ப்பக்கம் கடலூர் பஸ் ஏறவேண்டும். தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்றில் மருந்து நெடி வந்தது.

"பணியேற்பு அறிக்கைய இன்னைக்கே எழுதி வச்சிடறேன்," என்றேன்.

"வேணாம்ப்பா. நான் நாக்பூர் போறேன்."

"என்னம்மா சொல்ற? வெள்ளை வந்துச்சே!"

"ஆமாம்ப்பா. வெள்ளை வந்ததாலதான் போறேன்."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள். நான் ரோட்டைக் கடக்காமல் அங்கேயே நின்றேன். அப்படியானால் இவள் கேட்டது என்ன?

அன்று தொடங்கிய கேள்வி மாதக்கணக்கில் என்னைவிட்டுப் போகவில்லை. சம்பளம் உயருமா என்று கேட்டிருப்பாளா? அவள் அப்படிப்பட்டவள் இல்லை. யாரையாவது விரும்புகிறாளா? அதைச் சாந்தாவிடமே கேட்டேன்.

"ஏங்க, தெரிஞ்சாலும் நான் சொல்லுவனா?" என்றாள்.

பாண்டுரங்கனைக் கேட்டேன். "தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க மாமா. கோயிலுக்குப் பொதுத் தகவல் அலுவலர் யாருன்னு மட்டும் விசாரிச்சுக்குங்க," என்றான்.

கடலூர் வேலை வேண்டாம் என்ற கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த இடம் பட்டியலில் அடுத்திருந்த யாருக்கோ போயிருக்கும். அவர் எந்தச் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தாரோ!

சௌமியா தேர்வெழுதிவிட்டு ரயிலேறினாள். முதல் சில நாட்கள் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வாங்கினேன். காரம் ஜாஸ்தி. சாந்தாவின் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் அடுப்படிக்குப் போனேன். அவள் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயாலேயே சமைத்தாள். "பருப்பு வெந்துச்சான்னு அதத்தான் பாக்கணும், கடிகாரத்தப் பாக்காதீங்க," என்பாள். முதல் வாரம் நான் வைத்த ரசத்தை அவள் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். பிறகு ரசமாகவே சாப்பிட்டாள்.

கட்டுப் போடுவதுதான் எனக்குப் பெரிய சோதனை. இறுக்கினால் விரல் மரத்துப்போகும். தளர்ந்தால் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். அந்தக் கையைத் தொடவே முதலில் பயந்தேன். நாளாக ஆக, தொட்டவுடன் இன்று வீக்கம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரிந்தது. சுவரில் விரல்களால் ஏறி ஏறிக் கையை உயர்த்தும் பயிற்சியும் உண்டு. பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம்" என்று நான் சொல்வேன். "நீங்க தூக்கிப் பாருங்க, தெரியும்," என்பாள்.

இத்தனைக்கும் நடுவில் தினமும் விளக்கேற்றி ஒன்றே ஒன்றைக் கேட்டுவந்தேன். மகளை இந்தப் பக்கம் மாற்றிக் கொடு அப்பனே. பதில் இல்லை.

புரட்டாசியில் ஒரு காலை. கட்டை அவிழ்த்தேன். முழங்கைக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. "குளிரா இருக்குதுங்க, ஒன்னுமில்ல, படுத்தா சரியாப்பூடும்," என்றாள் சாந்தா. முந்தின நாள் அந்தக் கை அப்படி இல்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. வண்டி பிடித்துப் புதுச்சேரி போனேன். வழியெல்லாம் அவள் உடம்பு நடுங்கியது. அய்யனார் பெயரைத் தவிர என் வாயில் வேறு சொல் வரவில்லை. மருத்துவர் உடனே சேர்த்துக்கொண்டு ஊசி போட்டார். கிருமி தோலுக்குள் பரவ ஆரம்பித்திருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார்.

"வீட்டுல கட்டுப் போடறது யாரு? நர்சா?" என்று கேட்டார்.

"நான்தாங்க," என்றேன்.

"அதான் கண்டுபிடிச்சிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். பணியில் இருந்தபோது எனக்கு நற்சான்று வந்ததுண்டு. அவற்றில் எதுவும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

சாந்தா தேறி வீடு வந்தாள். தை மாதம் சௌமியா விடுப்பில் வந்தாள். வந்தவள் என் சாம்பாரை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள். அம்மாவின் கையை ஜன்னல் பக்கம் கூட்டிப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்பா, கோயில்ல பொங்கல் வைக்கணும்," என்றாள்.

நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணம் எனக்கிருந்த ஆவலைச் சொல்லி மாளாது.

செம்மங்குப்பத்தில் பொங்கல் பொங்கி, படைத்து முடிந்ததும் கேட்டேன். "இப்பவாவது சொல்லலாமில்ல? என்ன கேட்ட?"

அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நான் போயிட்டா அம்மாவ அப்பா பாத்துக்குவாரான்னு கேட்டேம்ப்பா."

"இத அவர்கிட்ட எதுக்கும்மா கேட்ட? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

"உங்களக் கேட்டா ரூல் சொல்லுவீங்க."

பாண்டுரங்கன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

பங்காளிகளே, பூ கேட்ட அன்று ஒரே சன்னிதியில் இரண்டு மனுக்கள் இருந்தன. அவளை இங்கேயே வை என்ற என் மனுவை அய்யனார் தள்ளுபடி செய்துவிட்டார். அவள் மனுவை ஏற்று, நிறைவேற்றும் பொறுப்பை என் பெயருக்கு ஒதுக்கிவிட்டார். சம்பந்தப்பட்டவனுக்கு ஒரு நகல்கூட அனுப்பவில்லை. பதில் வரவில்லையே என்று நான் விளக்கேற்றிக் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில் நானே ஒரு பதிலாக அடுப்படியில் நின்றிருக்கிறேன். எத்தனையோ ஆணைகளைக் கையாண்டவன் நான். இப்படி ஓர் ஆணையைப் பார்த்ததில்லை.

உங்களில் யாருக்காவது கேட்டது கிடைக்கவில்லை என்ற குறை இருந்தால், கோபித்துக்கொண்டு நம் கோயிலை விட்டுப் போய்விடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் நின்றவர் என்ன கேட்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. நம்பிக்கையோடு கையில் வந்த வேலையைச் செய்யுங்கள். அது யாருடைய வேண்டுதல் என்பதை அவர் தெரிவிக்கும்போது தெரிவிப்பார்.

பொங்கல் வைத்த அன்று தீபாராதனை காட்டும்போது பூசாரி மணியடித்தார். சாந்தா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். இடது கை கொஞ்சம் நடுங்கியது. ஆனால் வலது கைக்குச் சமமாக நின்றது. எல்லோரும் தீபத்தைப் பார்த்தார்கள். நான் அந்தக் கையைப் பார்த்துக் கும்பிட்டேன்.