மூக்கால் எடுக்கிற போன்

காலையில் வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்கிற வேலையைக் கேக்கக்கா மிஷினிடம் விடமாட்டாள். கையால்தான். முழங்கை வரை வழுக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். கையைக் கழுவித் துடைப்பதற்குள் ஓய்ந்துவிடும். அதனால் குனிந்து, மூக்கு நுனியால் திரையை வலப்பக்கம் ஒரே இழுப்பு. வீட்டிலேயே கேக் செய்து விற்று, ஊருக்கே கேக்கக்கா ஆகிவிட்ட இத்தனை வருஷத்தில் பாதி ஆர்டர்களை அவள் மூக்குதான் வாங்கியிருக்கிறது.

ஆர்டர் கொடுக்கிறவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள். கப்பலில் இன்ஜின் பார்க்கிற கணவருக்குச் சிக்னல் கிடைப்பதே சில நிமிஷம். அதை விட்டால் அடுத்த அழைப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். இந்த மாதம் அவர் அடுத்த இரண்டு வருஷத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் வந்துவிடச் சொல்ல அவள் காத்திருந்தபோதுதான் பழைய போனின் திரை பாதி செத்தது.

கடையில் மகள் ஒரு போனை நீட்டினாள். “கேமரா சூப்பர்மா. ஐகானெல்லாம் எவ்வளவு அழகா இருக்கு பாரு.”

“ஐகானைப் பாத்துக்கிட்டே பசியாற முடியுமா? பாப்பா, இதுக்கு ஒரு கால் போடு” என்றாள் கேக்கக்கா, கடைப் பெண்ணிடம்.

எல்லாமே ஆண்ட்ராய்டுதான். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் அதன்மேல் தன் இஷ்டத்துக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தது. முதல் போனில் பச்சைப் பொத்தானை மேலே தள்ள வேண்டும். கேக்கக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். மூக்கு மேலே போனது. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அடுத்ததில் பொத்தானை வலப்பக்கம் இழுத்தால் போதும். முதல் இழுப்பிலேயே எடுத்துவிட்டாள்.

“அம்மா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அவங்க மூக்கையா கடன் கேட்டேன்?”

“அக்கா, அதுல விளம்பரம் நிறைய வரும்க்கா” என்றாள் கடைப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“வந்தா வரட்டும். என்ன, சோறா கேக்கப் போகுது?”

வாங்கிய ஒன்பதாம் நாள் காலை புதுப் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, கேக் வீடியோ ஒன்றைப் பார்த்தபடி குழைத்துக்கொண்டிருந்தாள். வீடியோவைப் பாதியில் மூக்கால் தட்டி நிறுத்தியிருந்த நேரம் மணி அடித்தது. கணவர் பெயர். திரையில் வேறு ஏதாவது ஓடும்போது அந்தப் போனில் அழைப்பு முழுத் திரையிலும் வராது; உச்சியில் சின்னப் பட்டையாகத்தான் வரும். இழுத்தால் பட்டை ஒதுங்கி மணி ஓயும், அவ்வளவுதான்; அழைப்பை எடுத்ததாகாது. அது அவளுக்குத் தெரியாது. மூக்கால் இழுத்தாள். பட்டை மறைந்தது, மணி நின்றது.

கடலிலிருந்து குரல் வரத் தாமதமாகும். அவள்தான் முதலில் பேசுவது வழக்கம்.

“ஏங்க, இந்தத் தடவை கையெழுத்து போடாதீங்க. வந்துடுங்க. தினமும் மூணு தட்டு எடுத்துட்டு ஒண்ணை உள்ள வைக்கறேன். எனக்கு அலுத்துப்போச்சு. கேக் வித்தே மூணு பேரும் சாப்பிடலாம்.”

காதைப் போன் பக்கம் சாய்த்தாள். பல் தேய்த்தபடி வாசற்படியில் நின்ற மகள் அருகே வந்து பார்த்தாள். திரையில் தொப்பிக்காரர் ஒருவர் கையில் முட்டையோடு அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா... லைன்ல அப்பா இல்ல.”

மணி மறுபடி அடித்தது. இந்த முறை மகளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னம்மா, எடுக்கவே இல்ல? சிக்னல் போயிடும். கையெழுத்து இன்னிக்கே கேக்கறாங்க. போட்டுடவா?”

கேக்கக்கா தன் வெண்ணெய்க் கைகளைப் பார்த்தாள். “உங்க இஷ்டங்க. நாங்க நல்லாத்தான் இருக்கோம். நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

“சரி, அப்ப போட்டுடறேன்.” லைன் போய்விட்டது.

“முட்டைக்காரர்கிட்ட அவ்வளவும் சொன்னே. அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?”

கேக்கக்கா கையைக் கழுவினாள். விரல் விரலாகத் துடைத்தாள். மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த பற்பசையைத் துண்டின் நுனியால் அழுத்தித் துடைத்துவிட்டு, அளவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாவு மூட்டை இருக்கும் அறைக்குப் போனாள்.